சுளகு நின்ற வாசல்

மூக்கம்மா சிலோனில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். புருஷனை அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு, மூன்று வயது மகள் இராசாத்தியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினாள். முகாமில் சில மாதம் கிடந்து, தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்கு அவள் வந்து சேர்ந்தது எழுபத்து மூன்றில். அங்கே இருந்தவரை அவளை இந்தியாக்காரி என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரி. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிட ஆளில்லை.

ஊர்க்காரர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். ஒன்றைத்தான் கொடுக்கவில்லை. அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும்முன், அதைப் பொறுப்பேற்று நடத்தும் கந்தம்மாள், பயறு புடைக்கும் சுளகோடு வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு கைப்பிடி பயறு வாங்குவாள். யார் வீட்டுப் பயறு சுளகில் விழுகிறதோ, அந்த வீட்டுப் பெண் பாரி சுமக்கலாம். மூக்கம்மாவும் வருஷா வருஷம் கையில் தட்டைப்பயறோடு வாசலில் நிற்பாள். சுளகு தாண்டிப் போய்விடும்.

இராசாத்தி விடுவாளா? உடைந்த சட்டியில் மண்ணை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு, லயத்துக்குள்ளேயே ஊர்வலம் போவாள். அவளுக்கு ஒன்பது வயதானபோது, மூக்கம்மா பொறுக்கமாட்டாமல் கந்தம்மாளை மறித்தே விட்டாள்.

“அக்கா, புள்ள ஆசைப்படுது. இந்தப் பயற வாங்கிக்கிட்டா என்ன?”

கந்தம்மாளுக்கும் சங்கடந்தான். “நானா வேணாங்கேன்? ஒங்க வீட்டு ஆளு ஒருத்தராச்சும் இந்த மண்ணுல பொதைஞ்சு கெடக்கணும் தாயி. அதுதான் வழக்கம். நான் என்ன செய்ய?”

நல்ல வழக்கம்தான் போங்கள்! மேலே நின்று எத்தனை வருஷம் கொத்தினாலும் சேர்த்தியில்லை, ஒருத்தர் உள்ளே போனால்தான் சேர்த்தியாம்.

அன்று மகளுக்குத் தலை சீவிக்கொண்டே மூக்கம்மா சொன்னாள்: “கவலப்படாத. நா என்னைக்காச்சும் மண்டையப் போட்டா ஒனக்குப் பாரி வந்துரும்.”

“நீ செத்து வர்ற பாரி யாருக்கு வேணும்?” இராசாத்தி சீப்பைப் பிடுங்கி எறிந்தாள். மூக்கம்மா சிரித்தாள். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தான் கண்ணை மூடினால் பிள்ளைக்கு ஓர் ஊர் கிடைக்கும் என்று மனதாரவே நம்பினாள்.

எண்பத்தொன்று ஐப்பசியில், இராசாத்திக்கு வந்த காய்ச்சல் ஐந்து நாளாகியும் இறங்கவில்லை. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். பாதி மலை இறங்கும்முன்னே பிள்ளை தாயின் மடியிலேயே அடங்கிவிட்டது. ஊரே திரண்டு வந்தது. கந்தம்மாள்தான் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். ஊர் மயானத்திலேயே குழி வெட்டினார்கள்.

அடுத்த திருவிழாவுக்குச் சுளகு லயத்து வாசலில் வந்து நின்றது.

கந்தம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “பயறு போடு, இராசாத்தி அம்மா” என்றாள்.

மூக்கம்மா உள்ளே போனாள். இராசாத்தி தனக்கென்று பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்த தட்டைப்பயறு அப்படியே இருந்தது. பாதி வண்டு துளைத்தது. நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, கொண்டுவந்து சுளகில் போட்டாள்.

“நான்ல போறதா இருந்துச்சு அக்கா” என்றாள்.

நிலைப்படியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய கந்தம்மாள், சுளகைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.