மட்டையை முறித்தவர்

பாபநாசத்தில் எங்கள் சம்பா நெல் அறுப்புக்கு நின்ற நேரத்தில் மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வடிகிற வரை செய்ய ஒன்றுமில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் தெருவில் ஷட்டில் ஆடினோம். இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பந்தைத் தவறவிட்டுச் சிரித்தபோதுதான் எனக்கு மூச்சே சீரானது.

என் கணவரின் அண்ணன் வந்தார். "பயிர் அழுகிக் கெடக்குது, ஒனக்கு ஆட்டம் கேக்குதா?" என்று மட்டையைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து முறித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "காலையிலேர்ந்து மோட்டார் கொட்டாயில சீட்டாடுனீங்களே மாமா, ஒங்கள யாரு கேட்டா?"

"அது சும்மா, மனசு ஆறட்டும்னு..."

"எனக்கு மனசு இல்லையாங்க? வயல்ல எறங்கி நட்டது நானுந்தானே?"

முறிந்த மட்டையைக் கீழே போட்டார். திரும்பிப் போய்விட்டார். பக்கத்திலேயே நின்ற என் கணவர் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் தணியவில்லை.

மறுநாள் மட்டைக்குப் பதிலாக மகளின் பரீட்சை அட்டையோடு தெருவில் இறங்கினேன். கணவரின் அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். பார்க்கட்டும் என்று பந்தை ஓங்கி அடித்தேன்.