முத்திரை விழுந்த பக்கம்

பாடியில் ஒரு பட்டறையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, என் ஊரான சேக்காட்டில் பஸ் இறங்கிப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். நூலக ஜன்னலில் அந்துருண்டை வாசனை. உள்ளே ஒரு டீச்சர் பிள்ளைகளிடம், "நெட்ல பாத்தத புக்லயும் தேடுங்க. எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு கீழ எழுதுங்க" என்றார்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஏரியைப் பற்றி எழுதிவரச் சொன்னார்கள். இந்த நூலகத்துப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு போனேன். நூலக முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

"இன்னா மாமே, லைப்ரரியையே தூக்கினு வந்துகீறே?" என்றான் பக்கத்து பெஞ்சு சேவியர். வகுப்பே சிரித்தது.

"திருப்பிக் குடுத்துட்டு கிளாசுக்கு வா" என்றார் எங்கள் டீச்சர். நூலக வாசல்வரை போனேன். உள்ளே போக வெட்கமாக இருந்தது. பள்ளிக்கும் திரும்பவில்லை. எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்தேன். எங்கும் இந்த வாசனை இல்லை.

பஸ் இறங்கிய அன்றுதான் உள்ளே போய், ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் காலை, கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவ உட்கார்ந்தேன்.