கம்பி அக்காவும் ஏழாம் எண் சென்சாரும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் அண்ணியைக் கம்பி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை, மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தபடி, சிலிக்கான் சில்லிலிருந்து மின்சுற்றுப் பலகைக்கு ஒவ்வொன்றாக இணைப்பது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார்.

ஏழாம் எண் சென்சாரும் அவர் கைவேலைதான். விண்வெளியில் எக்ஸ் கதிர்களைப் பிக்சல் பிக்சலாக எண்ணுவதற்குச் செயற்கைக்கோளில் ஏறவேண்டிய சில்லு. அதைக் குளிரவைத்து, காற்றை உறிஞ்சிய இருட்டு சேம்பருக்குள் சோதிப்பவன் நான். கதிர் எதுவும் விடாதபோதே சில்லின் ஒரு மூலை ஆயிரக்கணக்கில் எண்ணித் தள்ளியது.

"கம்பி போயிடுச்சு சார்," என்று ஆய்வுக்கூடத் தலைவரிடம் நானே முதலில் உளறினேன். என் நாக்கை என்ன செய்ய!

வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறொரு கூடத்தின் உதிரி சென்சார் மேலே போகும், கம்பி வேலையும் அவர்களுக்கே, அண்ணிக்கு இனி ஸ்டோர் ரூம்தான் என்று தலைவர் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியை உதைத்தேன். கால்தான் வீங்கியது.

அண்ணி அழவில்லை. சேம்பரைத் திறக்கச் சொல்லி, நானூற்றுப் பதினாறு கம்பியையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகு என் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, என் கம்பி போனா ஒரு வரிசை முழுசா செத்துப்போகும். இது மூலையில ஜாஸ்தியா இருந்து, போகப் போக மங்குது. இது வெளிச்சம்."

"இருட்டு சேம்பர்ல ஏது அண்ணி வெளிச்சம்? விளையாடறீங்களா?"

"போன வாரம் உள்ள புதுசா என்ன மாட்டின?"

தலையில் அடித்துக்கொண்டேன். காற்றழுத்தம் பார்க்கும் கேஜ்! வேலை செய்யும்போது அதற்குள் ஓர் இழை பழுத்துச் சிவக்கும். சில்லின் மேல் ஒளி புகாத அலுமினியப் பூச்சு உண்டு, ஓரத்தில் மட்டும் கிடையாது. அந்த ஓரத்துக்கு நேராகக் கேஜை மாட்டிய மகாபுத்திசாலி நான்தான்.

மறுபடி மூடி, குளிரவைத்து, வெள்ளிக்கிழமை மதியம் தலைவரை அழைத்தோம். மூலை எண்ணித் தள்ளிக்கொண்டிருந்தது.

"கேஜை ஆஃப் பண்ணு," என்றார் அண்ணி.

திரையில் சைபர். போட்டால் ஆயிரம், அணைத்தால் சைபர். தலைவர் நம்பாமல், "இன்னொரு தடவை," என்றார். காட்டினோம். "இன்னும் ஒரு தடவை," என்றார்.

"இது என்ன மேஜிக் ஷோவா சார்? கையெழுத்து போடுங்க!" என்று அண்ணி போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள்கூட ஓடிவந்து கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சோதனைப் படிவத்தில் 'கோளாறின் காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. தலைவர் பேனாவை எடுப்பதற்குள் அண்ணி படிவத்தை வாங்கி, கொட்டை எழுத்தில் 'கொழுந்தன்' என்று எழுதினார். தலைவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதற்குக் கீழேயே கையெழுத்துப் போட்டு ஏழாம் எண்ணை அனுப்பிவைத்தார்.