செத்த தேதி

போன வாரம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துச் சுவரில் ஒரு தலைவர், ராணுவ வீரர்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார். மைதாப் பசை இன்னும் காயவில்லை. அந்தப் புளித்த வாடை பட்டதும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பசைக்கெல்லாமா கோபம் வரும் என்பீர்கள். தொண்ணூறுகளில் இங்கே ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தேன். சவரிமுத்து அண்ணனின் மனுக்களை இதே பசையால்தான் உறை ஒட்டி டெல்லிக்கு அனுப்புவேன்.

அண்ணன் ரெட்டியார்சத்திரத்துக்காரர். எழுபத்தொன்று யுத்தத்தில் பாகிஸ்தானிடம் பிடிபட்டு ஒரு வருடம் கைதியாக இருந்தவர். கூடவே தொப்பம்பட்டி பழனிச்சாமி. இருவருக்கும் ஒரே கம்பளி. உங்கள் சர்க்கார் உங்களை மறந்துவிட்டது என்று காவலர்கள் நக்கலடிப்பார்களாம். இவர்கள் கேட்டுச் சிரிப்பார்களாம். அவ்வளவு நம்பிக்கை! விடுதலைப் பட்டியலில் அண்ணன் பெயர் இருந்தது, பழனிச்சாமி பெயர் இல்லை. "நான் போயி சொல்றேன்டா. நம்மாளுக விட மாட்டாக" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்ததும் அதிகாரியிடம் சொன்னார். அவரும் எழுதிக்கொண்டார். அதோடு சரி.

இருபது வருடத்துக்கு மேல் மனுப் போட்டார். நான் கொஞ்சம் சூடாக ஒரு வரி சேர்த்தால், "வேணாம் தாயி, நம்ம சர்க்காரு. மரியாதையா அடி" என்பார். நானும் என் ஆங்கிலப் புலமையைக் காட்ட, 'மிகத் தாழ்மையுடன்' என்பதை மூன்று இடத்தில் அடித்துத் தொலைத்தேன்.

ஒருவழியாகப் பதில் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். அப்படி ஒரு கைதியே இல்லையாம். பழனிச்சாமி எழுபத்தொன்று டிசம்பரிலேயே போர்க்களத்தில் இறந்துவிட்டாராம்.

"டிசம்பரா? அதுக்கடுத்த சித்திரையில எனக்குக் காச்ச. அவன் ரொட்டிய எனக்குக் குடுத்தான் தாயி!"

பழனிச்சாமியின் மனைவி தெய்வானை அக்காவும் அன்று வந்திருந்தார், நெற்றி நிறையப் பொட்டோடு. "ஏனுங்கண்ணா, கையெழுத்துப் போட்டவரு அவரு செத்ததப் பாத்தாருங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தேன் அவன ஏமாத்திட்டேன். இவனுகள நம்பி, அவனையும் நம்ப வச்சுட்டேனே!"

அவர் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? வெட்கப்பட வேண்டியவர்கள் டெல்லியில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கே அடுத்த மனு. இந்த முறை நான் எழுதியதில் ஒரு சொல்லையும் அவர் மாற்றச் சொல்லவில்லை.

அதற்குப் பதிலே வரவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு அண்ணன் போய்ச் சேர்ந்தார். சில வருடங்களில் அக்காவும். டைப்பிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. பழனிச்சாமி எங்கே என்று கேட்டு எழுத இன்று ஒருவரும் இல்லை. அதற்காகத்தான் டெல்லியில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.