எட்டாவது கேள்வி

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். போனைப் பிடித்திருந்தது என் கை. பார்த்ததும் என் கண்தான். பேய் என்றால் நடுநிசி என்பார்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், 2:10.

நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். நாற்பத்தொன்பது வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். கற்றுக்கொடுத்தது என் மகள். அதனால் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவேன். போனில் நிரப்புகிற கருத்துக்கணிப்புகளைத் தயாரிப்பது அவள் வேலை. நாம் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வி மாறும்.

“மூட்டை தூக்குவீங்களான்னு கேக்குறேன். இல்லைன்னு சொல்றவர்கிட்ட முதுகுவலி எப்படின்னு கேட்டா கடுப்பாக மாட்டாரா? அவருக்கு வேற வழி போடணும்ப்பா.”

“நீ போடாத வழியில ஒருத்தன் போயிட்டா?”

“எப்படிப் போவான்? வழியே இருக்காதே.”

எதைச் செய்தாலும் முதலில் என்னிடம்தான் காட்டுவாள். எனக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியுமாம்.

“அவ்ளோ மக்கா நான்?”

“சேச்சே. அவ்ளோ முக்கியம்ப்பா நீ.”

நான் நாற்காலியில் உட்கார்ந்து உதடு அசைத்துப் படிப்பேன். அவள் என் இடது தோளுக்குப் பின்னால் நிற்பாள். நான் திணறினால் சொல்லித்தர மாட்டாள். நாற்காலியின் முதுகில் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவாள். திரும்பப் படி என்று அர்த்தம்.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழன். மாலை 6:12க்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. முன்பெல்லாம் பேசித்தான் அனுப்புவாள். நான் படிக்கக் கற்ற பிறகு எழுதியே அனுப்பினாள். அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. அப்போது லாரியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். என் உதடு அசைந்தால், கூட மூட்டை தூக்குகிற நெட்டையன் சும்மா விடமாட்டான். “என்னண்ணே, மந்திரம் ஓதுறீங்களா?” என்று ஊரைக் கூட்டுவான். வீட்டுக்குப் போய் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டுவிட்டேன்.

படித்தபோது மணி 9:40.

‘அப்பா, ஆபீஸ்ல யாரும் இல்ல. நெஞ்சு வலிக்குது. பேச வரல. நீ வா.’

போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த 6:12 பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. என் மேல் கோபத்தோடு போனாளா?

போன சனிக்கிழமை, அவளோடு வேலை பார்த்த பெண் கூப்பிட்டாள்.

“அப்பா, அவ கடைசியா செஞ்சது ஒண்ணு இருக்கு. மூட்டை தூக்குறவங்களுக்கானது. ஏழே கேள்வி. வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க பார்த்தா… அவளும் அதைத்தான் சொல்லியிருப்பா.”

“அனுப்பும்மா.”

மறுநாள் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். 2:10. எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம், எங்கே வலி… ஒவ்வொன்றும் அவள் குரலிலேயே கேட்டது. நான்காவது கேள்வியில் ‘இழப்பீடு’ என்ற சொல்லில் திணறினேன்.

டக்… டக்…

நாற்காலியின் முதுகில்.

திரும்பினேன். யாரும் இல்லை. பழைய மரம், வெயிலுக்கு விரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பப் படித்தேன். புரிந்தது.

2:24. ஏழாவதையும் முடித்தேன். அடுத்து நன்றி என்று வரவேண்டும். வரவில்லை.

‘8. வேலை நேரத்தில் வரும் செய்தியை உடனே படிப்பீர்களா?’

இல்லை என்று அழுத்தினேன்.

‘9. ஏன்?’

கீழே மூன்று பதில்கள். நேரமில்லை. அனுமதியில்லை. வெட்கம்.

விரல் அப்படியே நின்றது. வெளியே ஒரு சைக்கிள் மணி. பிறகு அதுவும் இல்லை.

வெட்கம்.

‘10. நெட்டையன் சிரிப்பான் என்றா?’

இது அவளுக்கே தெரியாதே… நான் சொன்னதே இல்லையே.

ஆம்.

இடது தோளில் மூச்சு பட்டது. வெதுவெதுப்பாக. திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாளோ என்று பயம்.

‘11. என்னிடம் ஏதாவது கேட்கணுமா?’

அதன் கீழே வெறும் கட்டம்.

எனக்கு எழுதுவதும் மெதுவாகத்தான் வரும்.

கோ…

ப…

மா…

2:31. அனுப்பினேன்.

திரை வெளுத்தது.

தோளில் மூச்சு நின்றது.

‘நன்றி.’

அவ்வளவுதான்.

இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். “டீச்சரம்மா…” என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேனோ. நாற்காலியில் தட்டு விழவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

திங்கள் காலை 10:15க்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

“எட்டாவது கேள்வியை ஏம்மா அவ அப்படி வச்சிருந்தா?”

“எட்டாவதா? ஏழுதானேப்பா. அதுக்கு மேல வழியே இல்ல. இங்க உங்க பதிலும் ஏழுதான் வந்திருக்கு.” கீபோர்டில் ஏதோ தட்டிப் பார்த்தாள். “ஆனா கடைசிக் கேள்வி… இதை நிரப்ப யாராவது உதவினாங்களான்னு. ஆமான்னு போட்டிருக்கீங்க.”

“இல்லைன்னுதான்மா போட்டேன்.”

“ஆமான்னு போட்டாதான்ப்பா அடுத்த ரெண்டு கட்டமும் திறக்கும். ரெண்டும் நிரம்பியிருக்கு. உதவினவங்க யாருன்னு கேட்டதுக்கு… மகள்.” அவள் குரல் உடைந்தது. “வயசு இருபத்தாறு. தெரியாம அழுத்திட்டீங்க போல. வயசும் தப்பு பாருங்க. அவளுக்கு இருபத்தஞ்சுதானே?”

போனைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“இல்லம்மா. போன புதன்கிழமையோட இருபத்தாறு.”