முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல ஒரு துண்டு

அண்ணே, ஒம்மேல எனக்கு இன்னும் கோவம்தான். மொதல்ல அத சொல்லிடறேன்.

ஜொகூர் மாசாய்ல நம்ம பிளாட்டு படியில மழ ஈரத்துல வழுக்கி விழுந்தது நானு. வலது மணிக்கட்டு ஒடஞ்சது எனக்கு. ஆறு வாரம் கழிச்சி மாவுக்கட்ட பிரிச்சப்ப கை காஞ்ச கருவாடு மாதிரி இருந்துச்சி. கவுக்க முடியுது, உள்ளங்கை மேல பாக்குற மாதிரி மலத்த முடியல. கடையில மிச்சக் காச வாங்க எடது கைய நீட்டுனா கடைக்கார மலாய் மாக்சிக் மொறைப்பாங்க.

பிசியோ பொண்ணு சொல்லிக் குடுத்தது சின்ன வேலதான். முழங்கைய விலாவோட ஒட்டி வச்சிக்கிட்டு சுத்தியலோட பிடிய புடிக்கணும். அது கனம் இழுக்கற பக்கம் மெதுவா கைய மலத்தணும். அஞ்சு எண்ற வரைக்கும் அப்படியே நிக்கணும். பத்து தடவ.

நான் ஏமாத்துனேன். வலிச்சா முழங்கைய வெளிய தூக்கி ஒடம்ப சாச்சிடுவேன். பாக்கறவங்களுக்கு கை திரும்புன மாதிரியே தெரியும். ஒனக்கு மட்டும் தெரிஞ்சிடும். சிங்கப்பூர்ல வேல முடிஞ்சி, காஸ்வே பாலத்து ஜாம்ல வெந்து வந்து, சட்டையக்கூட கழட்டாம, மூஞ்சி தொடைக்கிற துண்ட நாலா மடிச்சி என் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல சொருகுவ. துண்டு விழுந்தா அது கணக்கில்ல. மறுபடி ஒன்னுலேருந்து.

"டேய், கை திரும்பல. நீதான் திரும்புற"ன்னு சிரிப்ப.

அப்பறம் ஒரு விடியக்காலையில மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு வேலைக்குப் போன. ரோட்டுல லோரி அடிச்சிடுச்சி. அன்னிக்கு நான் தூங்கிக்கிட்டு இருந்தேன். எழுப்பி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?

அப்பா இல்லாத வீடு. ஒனக்கு கல்யாணமும் ஆகல. மொத வாய்க்கரிசி தம்பி நான்தான் போடணும். அரிசிய அள்ளி உள்ளங்கைய மலத்துனேன். பாதியில நின்னுடுச்சி. அரிசியெல்லாம் தரையில. எடது கையால அள்ளப் போனேன். பெரியப்பா என் கைய தட்டிவிட்டாரு. எடது கையால போடக்கூடாதாம், நகருன்னாரு. தன் மகன முன்னால இழுத்து விட்டாரு.

அவன் ஒனக்கு போன் பண்ணி எத்தன வருசம் ஆச்சி? அவன்தான் ஒன் வாயில அரிசி போட்டான். அவன்தான் கொள்ளி வச்சான். நான் கூட்டத்துக்குப் பின்னால, திருடன் மாதிரி கைய சட்டைக்குள்ள சுருட்டிக்கிட்டு நின்னேன். ஒன் தம்பி யாருன்னு வெளியாளு கேட்டா அவனத்தான் காட்டியிருப்பாங்க. பதினாறாம் நாள் கருமாதியும் அவனே.

அதுக்கு நடுவுல அத்த வேற. இழவு வீட்டுல சுத்தியல வச்சி ஆட்டிக்கிட்டு இருக்கேன், அசிங்கமா இருக்குன்னு அம்மாகிட்ட சொன்னாங்க. நானும் கோவத்துல சுத்தியல கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். பிசியோவுக்கும் போகல. மாசக்கணக்குல கை மரக்கட்டையா போச்சி. யாரு மேல கோவம், யாரு கைய கெடுத்துக்கிட்டேன் பாரு.

வருசத் திதி நெருங்குனப்ப பெரியப்பா போன் பண்ணாரு. ஆரம்பிச்சவனே செஞ்சி முடிக்கட்டும், இவன் கைதான் சரியில்லையேன்னு. அம்மா போன வச்சிட்டு என்கிட்ட வந்தாங்க.

"ஒன் கையில தண்ணி நிக்குமாடா?"

தெரியலம்மான்னேன். அவங்க கட்டிலுக்கு அடியில குனிஞ்சி சுத்தியல எடுத்தாங்க. ஒன்னோட துண்ட மடிச்சி சொருகுனாங்க. "எண்ணு"ன்னாங்க. நீ எண்றத அவங்க அடுப்படியிலேருந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்கண்ணே. தினம் மூணு வேள. வலியில அழுதேன். ஒன்ன திட்டிக்கிட்டேதான் செஞ்சேன்.

திதி அன்னிக்கு ஆத்தங்கரைக்குப் பெரியப்பா மகன் வேட்டி கட்டிக்கிட்டு ரெடியா வந்திருந்தான். நான் யாரையும் கேக்கல. போயி பூசாரிக்கு முன்னால உக்காந்துட்டேன், விலாவுல சொருகுன துண்டோட. அது என்னா, எடுத்துடுங்கன்னாரு பூசாரி. இருக்கட்டும் சாமின்னேன்.

உள்ளங்கையில எள்ள வச்சி தண்ணி ஊத்துனாரு. கை முழுசா மலரல. வெரலு சந்துல கொஞ்சம் ஒழுகுச்சி. மிச்சம் நின்னுச்சி. மூணு தடவ விட்டேன். துண்டு விழல.

பெரியப்பாவுக்கு அப்பவும் வாய் சும்மா இருக்கல. கை கோணலா இருக்கேன்னாரு.

"கோணலா இருந்தாலும் வலது கை பெரியப்பா"ன்னேன்.

ஆனா மொத அரிசி நான் போடல. அது இனிமே வராது. அந்தக் கோவம் ஆறாதுண்ணே, ஆற வேணாம்.

இத படிக்கிறவங்க எந்த சாமிய கும்புட்டாலும் சரி, எங்க அண்ணனுக்காக ஒரு தடவ வேண்டிக்கங்க. ரெண்டு கையும் சேராதவங்க ஒரு கையாலயே கும்புடுங்க. அண்ணன் அத கணக்குல எடுத்துக்குவாரு.