பதினோராவது வரி

2025 ஓகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இதை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. அன்று நான் அனுப்பிய செய்தியின் கீழே சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் அந்த நேரம் இன்னும் இருக்கிறது. செய்தி பத்து வரிகள் கொண்டது. பத்தாவது வரியை முடித்து அனுப்பியபோது, எனக்கு இடப்புறம் அமர்ந்திருந்த எடிட்டர் நானா தன் ஹெட்போனைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினார். அதன் இடப்பக்கக் காதுறை எப்போதோ கிழிந்துபோயிருந்தது. உள்ளிருந்த பஞ்சு வெளியே வராதபடி பழைய சாரத் துணி ஒன்றைச் சுற்றித் தைத்திருந்தார். நீலக் கட்டம் போட்ட துணி. தையல் மிக நேர்த்தியானது.

மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த ஒரு மேல்மாடியில், கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் நான் பகுதிநேரமாக வேலை செய்தேன், இன்றும் செய்கிறேன். பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சிறப்புக் கற்கை மாணவிக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். இரண்டு வேலைகள். ஒன்று, வீடியோக்களில் வரும் பெயர்களையும் வாழ்த்துகளையும் எழுத்துப்பிழையின்றி அமைப்பது. மற்றது, ஒவ்வொரு செவ்வாயும் ஆங்கிலத் தளங்களில் வெளியாகும் தொழில்நுட்பச் செய்திகளைப் படித்து, எங்கள் பிரதேசத்து வீடியோக்காரர்களின் வட்சப் குழுவுக்குத் தமிழில் சுருக்கி எழுதுவது. புதிய கமரா, எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பு, ட்ரோன் பறக்கவிடும் விதிகள், எந்த மெமரி கார்ட் வெயிலில் செயலிழக்கிறது என்பன போன்ற செய்திகள். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் தன்னாமுனையிலும் இருந்தவர்கள் அவற்றை வாசித்தார்கள். வாசித்ததற்கு அடையாளமாகப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்கள்.

பத்து வரி என்பது எடிட்டர் நானாவின் சட்டம். முதல் வாரம் நான் முப்பத்திரண்டு வரி எழுதினேன். அவர் அதைத் தன் தொலைபேசியில் நெடுநேரம் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, இது செய்தியா, சோதின விடையா? பத்து வரிக்குள்ள முடிங்க. பதினோராவது வரிய நம்மட ஆக்கள் ஒருத்தனும் வாசிக்க மாட்டான். அதுக்குள்ள ஆராச்சும் கலியாணத்துக்குக் கூப்பிட்டிருவாங்க.”

அவர் ஏறாவூரைச் சேர்ந்தவர். அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நானா என்றால் முஸ்லிம்களிடையே அண்ணன்; ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவர் நானாதான். என்னைத் தங்கச்சி என்பார், கேலி செய்ய நினைத்தால் ‘கெம்பஸ் புள்ள’ என்பார். குறைவாகவே பேசுகிற எனக்கு அவரருகில் அமர்வது இலகுவாக இருந்தது. ஹெட்போன் போட்டிருப்பவரிடம் எவரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. அவர் வேலை செய்யும் முறையை நான் ஓரக்கண்ணால் கவனித்தேன். ஒரு கலியாணத்துக்கு மூன்று கமராக்கள். மூன்றும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கி வெவ்வேறு நேரத்தில் நிறுத்தப்பட்டவை. அவற்றைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே கணத்தில் பொருத்த வேண்டும். அதற்கு மென்பொருளிலேயே ஒரு வழி இருப்பதாக நான் செய்தியும் எழுதியிருக்கிறேன். அவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஒலியின் கோட்டை மட்டும் பார்த்தார். தாலி கட்டும் கணத்தில் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடும் குரவை, மூன்று கோடுகளிலும் மூன்று மலைத்தொடர்களாக எழும். அம்மலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நகர்த்தி வைப்பார். வேலை முடிந்துவிடும்.

“தாலியத் தேடாதீங்க, தங்கச்சி. குரவையத் தேடுங்க. தாலி அதுக்குக் கீழதான் இரிக்கும்” என்று ஒருமுறை சொன்னார்.

ஓகஸ்ட் 12 அன்று நான் எழுதிய செய்தி, இரைச்சலை நீக்கும் புதிய வசதி ஒன்றைப் பற்றியது. ஒரே அழுத்தில் மனிதக் குரலைப் பிரித்தெடுத்து, மற்ற அனைத்தையும் அகற்றிவிடும். ஜெனரேட்டர், காற்று, மின்விசிறி எதுவும் மிஞ்சாது. எத்தனை வீடியோக்களையும் ஒரே வரிசையில் போட்டுவிட்டு எழுந்து போகலாம். இவையெல்லாம் என் பத்து வரிகளில் இருந்தன. மூலக் கட்டுரையில் இன்னொரு பந்தியும் இருந்தது. இந்த வசதி பேச்சை மட்டுமே குரலாகக் கற்றிருக்கிறது. உங்கள் ஊரின் ஒலிகளில் அதைச் சோதித்துப் பாருங்கள். அதுவரை மூலப் பதிவை அழிக்காதீர்கள் என்றது அது. அதைச் சுருக்கி ஒரு வரியாக எழுதியும் வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தேன், பதினோராவது வரியாக வந்தது. அழித்துவிட்டேன்.

இத்தகைய செய்திகளை வாரந்தோறும் மொழிபெயர்த்ததில் எனக்கு ஒரு சலிப்பு ஏற்பட்டிருந்தது. ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளும் உங்கள் நேரம் மிச்சமாகும் என்ற உறுதிமொழியுடன் முடிந்தன. அந்த நேரம் எங்கே போனது என்பதை நான் அறிவேன். எடிட்டர் நானா முன்பு மாதத்துக்கு நான்கு கலியாண வீடியோக்களை வெட்டித் தொகுத்தார், பிறகு ஆறு, அந்த ஆவணியில் ஒன்பது. மிச்சமான ஒவ்வொரு மணித்தியாலத்திலும் முதலாளி இன்னொரு கலியாணத்தை ஏற்றுக்கொண்டார். நானாவின் கண்களுக்குக் கீழே, காதோரத்தில் ஹெட்போன் பதித்திருந்த தழும்பைப் போலவே நிரந்தரமான இரண்டு கருவளையங்கள் இருந்தன.

ஆவணிக் கடைசியில் சித்தாண்டியில் ஒரு கலியாணம் நடந்தது. வீட்டு முற்றத்துப் பந்தலை ஒட்டியே ஜெனரேட்டரை வைத்துவிட்டார்கள். மூன்று கமராக்களிலும் அதன் உறுமல். நானா வழக்கம்போலக் குரவையைக் கொண்டு கமராக்களைப் பொருத்தி, வெட்டி, இறுதியில் அந்தப் புதிய வசதியை அழுத்தினார். உறுமல் முற்றாக மறைந்தது. ஐயரின் மந்திரம், மாமனார் ஒலிவாங்கியில் சொன்ன நன்றி, பந்தியில் யாரோ இன்னும் கொஞ்சம் பருப்புக் கேட்டது வரை தெளிவாகக் கேட்டன. என்னிடம் ஹெட்போனை நீட்டினார். கேட்டேன். “துல்லியமாக இருக்கிறது” என்றேன். அப்படித்தான், எழுத்துத் தமிழில் சொன்னேன். அதற்கும் கேலி செய்தார். ஹார்ட் டிஸ்க் நிறைந்திருந்ததால் அந்த மாதத்துக் கலியாணங்கள் எல்லாவற்றையும் அவ்வாறே சுத்தப்படுத்தி, மூலப் பதிவுகளை அழித்தார். மெமரி கார்ட்கள் அடுத்த கலியாணங்களுக்குப் போயின.

குரவையை நாங்கள் இருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. ஒரு வீடியோவில் ஆக உரத்த ஒலி காணாமற்போகும் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

ஐப்பசித் தொடக்கத்தில் மணமகளின் தாயார் காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு முன்னர் ஒரு பிற்பகலில், மழையில் நனைந்த குடையுடன் அந்த மகள் மாடிப்படி ஏறி வந்தாள். என்னைவிட ஓரிரு வயது மூத்தவளாக இருக்கலாம்.

“நானா, அம்மாட குரவைய மட்டும் வெட்டித் தருவீங்களா? வேற ஒண்டும் வேணாம்.”

“முழு வீடியோவும் உங்களிட்ட இரிக்குதே, தங்கச்சி.”

“இரிக்கி. இன்னும் போட்டுப் பாக்கல்ல. இப்ப வீட்டில போட ஏலா. செத்த வீட்டில குரவச் சத்தம் கேக்கப்படா எண்டு பெரியம்மா ஏசுறா. போன்ல போட்டுத் தந்தா காதுக்க வெச்சுக் கேப்பன்.” குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா அந்த வீடியோவில ஒரு சொல்லும் கதைக்கல்ல. கமராவக் கண்டா வெக்கம் அவவுக்கு. குரவ மட்டுந்தான் போட்டவ. ஊரில எந்தக் கலியாணமெண்டாலும் முதல்ல அம்மாவத்தான் கூப்பிடுவாங்க.”

நானா தன் கதிரையை அவளுக்குக் கொடுத்து, ஹெட்போனையும் கொடுத்தார். தாலி கட்டும் காட்சியை ஓடவிட்டார். மணமகளின் பின்னால் நாவல் நிறச் சேலையில் அந்தத் தாய் நின்றார். வலக்கையை வாயருகே கொண்டுபோனார். வாய் திறந்தது; நாக்கு அசைந்தது; அவரைச் சுற்றி நின்ற பெண்களின் வாய்களும் திறந்தன. மகள் திரையையே பார்த்தபடி இருந்தாள். பிறகு ஹெட்போனின் இடப்பக்கத்தை, அந்த நீலக் கட்டத் துணியை, விரலால் இரண்டு தரம் தட்டினாள்.

“இந்தப் பக்கம் வேல செய்யல்ல போல, நானா.”

எடிட்டர் நானா குனிந்து டைம்லைனில் ஒலியின் கோட்டைப் பார்த்தார். மலைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நேர்கோடு. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை. நிமிராமலே, “ஓம், வயர் பிழ. ஒரு கிழம தாங்க, தங்கச்சி. எடுத்துத் தாறன்” என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்ட முதல் சந்தர்ப்பம் அது.

அந்த ஒரு கிழமையும் அவர் தேடினார். அழிந்த பதிவுகளை மீட்கும் மென்பொருளை இரண்டு தரம் ஓடவிட்டார். அந்தக் கார்ட்களின் மேல் நான்கு கலியாணங்கள் எழுதப்பட்டுவிட்டன. உறவினர்களின் தொலைபேசிகளைக் கேட்டுச் சித்தாண்டிக்குப் போய் வந்தார். தாலி கட்டும் காட்சி பலரிடம் இருந்தது. எல்லாவற்றிலும் ஒலியை எடுத்துவிட்டு ஏதோ ஒரு பாடலைச் சேர்த்திருந்தார்கள். அந்த வாரச் செய்திகளில், ஒருவரின் குரலில் சிறு மாதிரி கிடைத்தால் கணினியை அதே குரலில் பேசவைக்கலாம் என்ற கட்டுரையும் வந்தது. அதை அவரிடம் காட்டினேன்.

“நம்மிட்ட ஒரு செக்கனும் இல்லியே” என்றார்.

மகள் மீண்டும் வந்த செவ்வாய்க்கிழமை, திரையில் அதே காட்சி இருந்தது. நேர்கோட்டின் இடத்தில் மலைகள் எழுந்திருந்தன. நான் திகைத்துப் போனேன். அவள் வருவதற்குச் சற்று முன்னர் அவர் எனக்குப் போட்டுக் காட்டினார். வாயசைவும் குரவையும் இம்மியும் விலகவில்லை. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.  “இது சரியா, பிழையா எண்டு எனக்கு விளங்குதில்ல, தங்கச்சி. நீங்க படிச்ச புள்ளதானே, சொல்லுங்க” என்றார். நான் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் கேட்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். திரும்பவும் போடச் சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபின் ஹெட்போனைக் கழற்றி, துணி சுற்றிய பக்கம் கீழே படாதவாறு கவனமாக மேசையில் வைத்தாள்.

“நல்லா இரிக்கி, நானா. ஆனா அம்மாக்கு இழுப்பு. ரெண்டு தரம் நல்லாப் போடுவா; மூண்டாவதுக்கு மூச்சுக் காணாது, பாதியில நிண்டிரும். எங்கட ஊரில அத வெச்சே பகிடி பண்ணுவாங்க. இவ மூண்டையும் முழுசாப் போடுறா.”

மூன்றாம் முறைக்குக் கமரா மணமகளின் முகத்துக்குத் திரும்பிவிட்டிருந்தது. அங்கே தாயின் வாய் தெரியவில்லை. நானாவுக்குத் தெரிய வழியே இல்லை.

“இது ஆரு?” என்று கேட்டாள்.

 நானா தரையில் கிடந்த வயரைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு, “எங்கட உம்மா” என்றார். “தங்கச்சிட கலியாணத்தில போட்டவ. முந்தி எங்கட பக்கத்திலயும் போடுவாங்க. மறுகா அவ மௌத்தாப் போயிட்டா. அத மட்டும் வெட்டி வெச்சிருந்தன். உங்கட அம்மாட சத்தத்த நான்தான் அழிச்சிட்டன், தங்கச்சி. வயர் பிழ இல்ல. என்ட பிழ.”

அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும். அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, திரையில் உறைந்து நின்ற தன் தாயைப் பார்த்தாள்.

“அப்ப அத எடுத்திருங்க, நானா. உங்கட உம்மாட சத்தம் உங்களிட்டயே இரிக்கட்டும். அம்மா சும்மா வாயத் திறந்துகொண்டு நிக்கட்டும். எனக்குத்தானே தெரியும், அவ எந்த இடத்தில நிப்பாட்டுவா எண்டு.”

அவள் படியிறங்கிப் போனபின்னர், மூலக் கட்டுரையில் இருந்த அந்த எச்சரிக்கைப் பந்தியைப் பற்றி நானாவிடம் சொன்னேன். இருந்தது, வாசித்தேன், எழுதினேன், வரி கூடியதால் அழித்தேன் என்று, பரீட்சைத் தாளில் எழுதுவதைப் போல ஒழுங்காகச் சொன்னேன். அவர் டைம்லைனிலிருந்து தன் உம்மாவின் குரவையை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, “பத்து வரி எண்டு சொன்ன ஆள் நான்தானே” என்றார். அவ்வளவுதான். இருவரில் யார் சுமக்க வேண்டியது என்பதை அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அவர் சுமக்க எண்ணியிருந்தது மட்டும் தெரிந்தது. அவளிடம் அவர் என் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நானா இப்போது தோஹாவில், ஒரு மண்டபத்தின் நிகழ்ச்சிகளை வெட்டுகிறார். அங்கே நல்ல ஹெட்போன் கொடுத்திருக்கிறார்களாம். பழையது இங்கே அதே ஆணியில் தொங்குகிறது. புதிதாக வந்த எடிட்டர் அதைத் தொடுவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நான் இன்னும் செய்தி எழுதுகிறேன். நேரம் மிச்சமாகும் என்ற வாக்கியத்தை எத்தனை விதமாகத் தமிழில் எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதிவிட்டேன்.

அந்த மகள் போன மறுநாள் காலை, விரிவுரைக்குப் போகும் வழியில் ஸ்டூடியோவுக்கு வந்தேன். என் ஊரான செட்டிபாளையத்திலிருந்து முதல் பஸ். நானா இன்னும் வந்திருக்கவில்லை. ஓகஸ்ட் மாதச் செய்தியைத் தேடியெடுத்தேன். அதைத் திருத்தக் காலம் கடந்திருந்தது. அதனால் அந்தப் பத்து வரிகளையும் அப்படியே மறுபடி எழுதி, கீழே பதினோராவது வரியைச் சேர்த்தேன்: இந்த வசதி குரவையை இரைச்சலாகக் கருதி அழித்துவிடும், மூலப் பதிவை வைத்திருங்கள், ஓகஸ்ட் மாதம் இந்த வரியை விட்டது நான். அனுப்பிவிட்டு, ஆணியிலிருந்து ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துச் சித்தாண்டிக் காட்சியை ஓடவிட்டேன். நாவல் நிறச் சேலை. கை வாயருகே போனது. இரண்டு தரம் எண்ணினேன். மூன்றாவதில், பாதியில் நிறுத்தினேன்.

தொலைபேசி ஒளிர்ந்தது. மூன்று பெருவிரல்கள். அவற்றின் கீழே ஏறாவூர்க் கமராக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: “இது பழைய செய்திதானே, தங்கச்சி?”

ஓம் என்று எழுதினேன்.